பிஸ்கட் டின்னில் ஒரு பாஞ்சோ

போன சனிக்கிழமை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒருவர் என்னைத் தடுத்து, “ஆன்ட்டி, எக்ஸிபிட்டைத் தொடாதீங்க ப்ளீஸ்” என்றார்.

தொடக்கூடாதாம். அதைச் செய்தவளே நான்தான்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க நின்ற அவர் பெயர் பிரவீன். சிங்கப்பூரில் எங்கள் ஃபேரர் பார்க் குடியிருப்பாளர் குழுவில் நிகழ்ச்சிகளைக் கவனிப்பவர். முப்பது வயதிருக்கும், தங்கமான மனிதர். அன்று அங்கே ‘பசுமை நாள்’ நடந்துகொண்டிருந்தது. மேசை மேல் என் பாஞ்சோ.

பாஞ்சோ தெரியுமில்லையா? கிட்டாருக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு சின்ன மேளத்துக்கு நீளமாகக் கழுத்து வைத்துக் கம்பி கட்டினால் பாஞ்சோ. நல்லதாக வேண்டுமென்றால் இசைக்கருவிக் கடைக்குப் போகலாம். நான் குப்பை போடும் இடத்துக்குப் போனேன்.

மேளத்துக்கு, வெண்ணெய் பிஸ்கட் வந்த வட்ட டின். அது இல்லாத வீடு கிடையாது. திறந்தால் பிஸ்கட் இருக்காது, ஊசியும் நூலும் இருக்கும். எங்கள் வீட்டு ஊசி நூலை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிவிட்டேன். என் கணவர் இன்றுவரை ஒரு சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறார். கழுத்துக்கு, யாரோ வீடு மாறும்போது லிஃப்ட் பக்கத்தில் விட்டுப்போன கட்டிலின் சட்டம். நல்ல தேக்கு. அதைத் தூக்கிக்கொண்டு நான் மேலே வந்தபோது எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, எங்களுக்குப் படுக்கக் கட்டில் இல்லையோ என்று கவலையோடு விசாரித்தார். கம்பியைத் தாங்கும் குதிரைக்கு, சாப்பாட்டுக் கடை சாப்ஸ்டிக்கில் ஒரு துண்டு.

எதற்கு இத்தனை பாடு? ஹமீதாவுக்காக.

ஹமீதா என் சிநேகிதி. அதே புளோக், எனக்கு இரண்டு மாடி மேலே. ஒரே அலுவலகத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்தோம். யாருக்குப் பிரிவுபசாரம் என்றாலும் ஹமீதாவின் கிட்டார் வரும். போன வருஷம் அவளுக்கு ஸ்ட்ரோக். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது... இடதுகை விரல்களுக்கு மட்டும் கம்பியை அழுத்தும் பலம் திரும்பவில்லை. கிட்டாரைத் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டாள்.

“வீட்ல சும்மா நிக்குது லா. பார்த்தாலே எரிச்சலா வருது” என்றாள்.

எனக்கும் எரிச்சல் வந்தது. கிட்டார் மேல் இல்லை. ‘இனிமே எதுக்கு இதெல்லாம், ரெஸ்ட் எடுங்க’ என்று அவளிடம் சொன்ன அத்தனை பேர் மேலும்.

விரலால் அழுத்த முடியாதா? சரி, அழுத்தவே வேண்டாத ஒன்றைச் செய்வோம். மூன்றே கம்பி. வெறுமனே மீட்டினாலும் சேர்ந்து ஒலிக்கும்படி சுருதி கூட்டினோம். பாஞ்சோவை மடியில் படுக்கவைத்து, ஒரு கண்ணாடிக் குப்பியைக் கம்பி மேல் வழுக்கினால் சுரம் மாறும். விரலுக்குப் பலம் வேண்டாம், கை நகர்ந்தால் போதும். எந்தக் குப்பி? தலைவலிக்குத் தேய்க்கும் மருந்து எண்ணெயின் காலிக் குப்பிதான்... இந்த ஊரில் ஐம்பதைத் தாண்டியவர் கைப்பையில் அதற்கா பஞ்சம்? ரப்பர் பேண்டு போட்டு அவள் நடுவிரலோடு கட்டினோம்.

முதலில் செய்தது தண்ணீர் கொதிக்கும் கெட்டில் போலக் கத்தியது. அடுத்ததில் கழுத்து வளைந்துபோனது. அதற்கடுத்ததை ஹமீதா மடியில் வைத்து ஒரு முறை வழுக்கிப் பார்த்தாள்.

“நீ கிளம்பு மாலா. நான் ப்ராக்டிஸ் பண்ணணும்” என்றாள்.

பசுமை நாளுக்கு ஹமீதா ஒரு பாட்டு வாசிப்பாள் என்று பிரவீனிடம் சொன்னோம். “சூப்பர் ஆன்ட்டி, காலையிலயே கொண்டுவந்து வச்சிருங்க” என்றார். வைத்தோம். மாலையில் ஹமீதாவோடு போய்ப் பார்த்தால் — வெள்ளைத் துணி விரித்த மேசை. டின்னின் முகத்தில் தடித்த நுரை டேப்பால் ஒட்டிய ஓர் அட்டை. மறுசுழற்சி செய்வோம், பூமியைக் காப்போம்! தட்டிப் பார்த்தேன். ‘டொக்’ என்றது. அந்தத் தகரம் அதிர்ந்தால்தான் பாஞ்சோ. பூமியைக் காக்கப்போய் பாஞ்சோவின் வாயை அடைத்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்த ‘தொடாதீங்க’.

“மேடையில வாசிக்கிறதுன்னு பேசினோமே தம்பி?”

“ஸ்டேஜ்ல கராவோக்கே போட்டாச்சு ஆன்ட்டி. இது டிஸ்ப்ளேக்குன்னு நெனச்சோம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அதோட... ஹமீதா ஆன்ட்டிக்கு ஹெல்த் இஷ்யூ இருக்கு. நடுவுல நின்னுபோச்சுன்னா அவங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடும் லா.”

தாழ்த்தி என்ன பயன்? ஸ்ட்ரோக் அவள் காதுக்கு வரவில்லையே.

நாம் இப்படித்தான். ஒதுக்கிவைத்த பொருளை மேசையில் ஏற்றிப் பாராட்டுவோம், படம் எடுப்போம், அதை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவோம். அது திரும்ப உழைக்கிறேன் என்று எழுந்தால் மட்டும் பதறிவிடுவோம். பொருளுக்கே இந்தக் கதி என்றால் மனிதருக்கு?

ஹமீதா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பாஞ்சோவை எடுத்து மடியில் வைத்தாள். அட்டையைப் பிய்த்தாள். டேப் வரவில்லை. கைப்பையிலிருந்து பஸ் கார்டை எடுத்து வலதுகையால் சுரண்ட ஆரம்பித்தாள்.

“நான் சுரண்டறேன், குடு.”

“நீ சும்மா இரு.”

சும்மா இருந்தேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான். கூட்டம் சேர்ந்தது. மேடையில் பாடிக்கொண்டிருந்தவர் தானாகவே மைக்கை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

வாசித்தாள். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டு. தகரத்துக்கே உரிய கரகரப்பு, அதற்குள்ளிருந்து ஒரு குழைவு. பாதிப் பாட்டில் ரப்பர் பேண்டு அறுந்தது. குப்பி உருண்டு ஓடியது.

பிரவீன் ஓடிப்போய் எடுத்தார். “சூப்பர் ஆன்ட்டி, ரொம்ப நல்லாருந்துச்சு” என்று கைதட்டத் தொடங்கினார். எல்லோரும் தட்டினார்கள். அவளைக் காப்பாற்றுகிறார்களாம்.

“இன்னும் முடியல” என்றாள் ஹமீதா.

கைதட்டல் நின்றது. அவள் என் பக்கம் கையை நீட்டினாள். “உன் ஹேர்பேண்டைக் கழட்டு.”

கழற்றினேன். என் தலைமுடி பறந்த கோலத்தை யாரும் படம் எடுக்காதிருந்தால் நன்றி. குப்பியை விரலில் கட்டினேன். விட்ட இடத்திலிருந்து தொடர்வாள் என்று நினைத்தேன்.

“முதல்லேர்ந்து வாசிக்கிறேன். அவசரமா இருக்கிறவங்க போகலாம்.”

யாரும் போகவில்லை. அற்புதமாக வாசித்தாள் என்றெல்லாம் எழுதமாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. இரண்டு இடத்தில் சுருதி விலகியது. ஆனால் கடைசிச் சுரம்வரை போனாள். நான் அழுதேன். கூச்சமே இல்லாமல் அழுதேன்.

பிரவீன் அசந்துபோய் அருகே வந்தார். “ஆன்ட்டி, அடுத்த தடவை கண்டிப்பா ஸ்டேஜ். ‘ஊக்கம் தரும் மனிதர்கள்’னு ஸ்பெஷல் செக்மென்ட்டே போட்டுடலாம்.”

ஹமீதா மருந்து எண்ணெய்க் குப்பியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“ஊக்கமெல்லாம் வேணாம் தம்பி. ஒரு மைக் வை, போதும்.”