வலப்பக்கம் சுழன்றவன்

நண்பனுக்குத் தாவக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி, அவனால் தாவவே முடியாதபடி கற்றுக்கொடுத்தேன். தெரிந்தே செய்தேன். காரணம் பொறாமை.

அப்போது நான் ஜொகூர் பாருவில் அரசாங்கக் குமாஸ்தா. மாலையில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், ஸ்கேட்டிங் கொட்டகையில், சக்கரச் சப்பாத்து மாட்டி ஓடப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஓட வந்தபிறகு முதல் தாவல். இடது காலால் எம்பி, காற்றில் இடப்பக்கமாக அரைச் சுற்றுத் திரும்பி, வலது காலில் இறங்கிப் பின்னோக்கி ஓடவேண்டும். முழங்கால் மடங்கினால் பிழைத்தோம். விறைத்தால் இடுப்பு பலகைத் தரையில் மோதும். நான் தாவும்போது வேலியோரம் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான்.

ரப்பர் விலை விழுந்த சமயம், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை போய், என் பள்ளித் தோழன் வந்து சேர்ந்தான். மனைவியை அவள் அப்பா வீட்டில் விட்டிருந்தான். பள்ளியில் எப்போதும் அவனுக்கு அடுத்த இடம்தான் எனக்கு. இங்கேயாவது நான் மேலே என்ற நினைப்பில் கொட்டகைக்கு அழைத்துப்போனேன்.

கொஞ்ச நாளிலேயே அவன் ஓடிய அழகைச் சொல்லி முடியாது. தோள் அசையாது, சக்கரத்தின் சத்தம்கூடக் குறைவாகவே கேட்கும். வேலியோரக் கண்கள் என்னை விட்டு அவன் பக்கம் போயின. தவுக்கே என்னிடமே சொன்னார், அவன் இந்த மாதத்துக்குள் தாவப் பழகிவிட்டால் இரண்டாவது ஆசிரியராக வைத்துக்கொள்வதாக. நண்பன் அன்றே மனைவிக்கு வீடு பார்க்கத் தொடங்கினான்.

யாருக்கும் தாவல் சொல்லித்தரும் முன் வெறுங்காலில் ஒருமுறை குதித்துத் திரும்பச் சொல்வேன். பெரும்பாலோர் இடப்பக்கம் திரும்புவார்கள். சிலர் உடம்பு வலப்பக்கம்தான் திரும்பும்; அவர்களுக்குக் கால்களை மாற்றிக் கற்றுக்கொடுக்கவேண்டும். அவன் குதித்தான். வலப்பக்கம் திரும்பினான். நான் பார்த்தேன்.

"சரி, சப்பாத்த மாட்டு. இடது காலால எம்பு," என்றேன்.

விழுந்தான். எழுந்து மறுபடி விழுந்தான்.

"அலமாக்! கிராணி தரைய அளக்கிறாரு, பாருங்கலா!" என்று வேலியோரம் யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உடம்பு அந்தப் பக்கம் இழுக்குதுடா. மாத்திப் பார்க்கட்டா?" என்றான் ஒருநாள்.

"பயந்தவன் எல்லாம் இப்படித்தான் சொல்வான். நான் சொல்றபடி செய்."

என்னை நம்பினான். மாதம் முடிந்தது. வீங்கிய மணிக்கட்டோடு பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் வேலைக்குப் போனான். கிராணியாக இருந்தவன்.

அவன் போனபிறகு கைதட்டல் எனக்கே திரும்பி வந்தது. ஆனால் கேட்கப் பிடிக்கவில்லை. தவுக்கேயிடம் உண்மையைச் சொல்லி, என் இடத்தை அவனுக்குக் கொடுக்கச் சொன்னேன். வேறு ஆள் வைத்தாகிவிட்டது, உனக்கு இஷ்டமில்லை என்றால் நீயும் போகலாம் என்றார். கொட்டகை வேலையிலிருந்து நின்றுவிட்டேன். சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு பெக்கோக்குக்கு ரயில் ஏறினேன்.

பால் நிறுக்கும் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் அவனைச் சப்பாத்து மாட்டி நிறுத்தி, "வலது காலால எம்பு. வலப்பக்கம் திரும்பு. இடது கால்ல இறங்கு," என்றேன்.

முதல் தடவையே இறங்கினான், நான் ஒருநாளும் இறங்காத அழகோடு. பின்னோக்கி ஓடிச் சுவரருகில் நின்றான்.

"இது உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ வெறுங்கால்ல குதிச்ச அன்னிலேர்ந்து."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். குனிந்து சப்பாத்தின் வாரைக் கழற்றினான். "என் பொண்டாட்டி இன்னும் அவ அப்பன் வீட்லதான் இருக்கா," என்றான். "ரயிலுக்கு நேரமாச்சு. கிளம்பு. சப்பாத்து இங்கயே இருக்கட்டும்."

பிறகு ஒரு தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி அங்கே வந்து சேர்ந்திருந்தாள். பலகாரம் வைத்தார்கள். அவன் எழுந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாவல் சொல்லிக்கொடுக்கப் போனான். என்னையும் வா என்று கூப்பிடவில்லை. தூரத்தில் நின்று பார்த்தேன். பயந்த பிள்ளைகூட அவன் குரலுக்கு எம்பியது. வெட்கத்தோடு சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.