எட்டாத பந்துக்குத் தப்பில்லை

மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற முறை எனக்கும் என் அத்தை மகனுக்கும் மாதம் மாற்றி மாதம் வரும். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். நோகாமல் நுங்கு தின்கிறவர். கூட்டம் குவிகிற நாளாகப் பார்த்து அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும்; அவர் அடுப்பையும் நானே பார்ப்பேன்.

சாமிக்குப் படைக்கும்முன் பிரசாதத்தை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு கண் அளவுதான். அண்டா அண்டாவாக இறக்கினால் என்றைக்காவது ஒருநாள் கூடும், குறையும். புகாரெல்லாம் என் பேரில் சேர்ந்தது. பாவா பேரில் ஒன்றுமில்லை. ஜப்பான்காரனோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்தில், இனி முழு முறையும் பாவாவுக்கே என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார்.

வயிறு எரிந்தது. ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. அரக்கோணத்துக்கு இறங்கிப்போய், விமானத் திடலில் நம் குமாஸ்தாக்களுக்கு நடந்த சைவ மெஸ்ஸில் சேர்ந்தேன்.

சமையல்கட்டுக்குப் பின்னால் அமெரிக்க சிப்பாய்கள் சாயங்காலம் பேஸ்பால் ஆடுவார்கள். அதில் ஒருவர் ஊரில் சம்பளத்துக்கு ஆடியவராம். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் டீ வாங்கிக் குடிப்பார். பிடித்த பந்து, விட்ட பந்து எல்லாவற்றையும் ஆயுசுக்கும் கணக்கு வைப்பார்களாம். தன் பேரில் தப்பு அதிகம், திரும்பிப் போனால் சேர்த்துக்கொள்வார்களோ என்னவோ என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். மெஸ் குமாஸ்தா அதைத் தமிழில் சொன்னார்.

"தூரத்துப் பந்துக்கும் இவரு ஓடிடுவாராம்பா. கைக்கு வந்து நழுவினா தப்புன்னு எழுதிடுவாங்க. நின்ன எடத்துலயே நின்னுகினு இருக்கறவனுக்குக் கையில பந்தே படாது. தப்பு எங்க வரும்?"

பாவாவை ஏழு கடல் தாண்டியும் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்புகூட வரவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் பாவா மெஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்பா, கிருத்திகைக்கு மட்டும் மேல வந்துட்டுப் போயேன். அவ்ளோ அரிசிய நான் ஒருத்தனா எப்படிப் பாக்கறது? உன் முறையைத் திரும்பக் குடுக்கச் சொல்லி நானே தர்மகர்த்தா கிட்ட சொல்றேன்."

அந்தக் கடைசிப் பேச்சுக்காகத்தான் போனேன். காவடிக் கூட்டம் படியெல்லாம் அடைத்து நின்றது. பொழுது விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டியவன் உட்காரவேயில்லை. விழுந்து கும்பிட்டுவிட்டு உப்பைப் போட்டேன். பாவா ஜன்னலோரம் விசிறிக்கொண்டிருந்தார்.

படையல் முடிந்து, தர்மகர்த்தா சர்க்கரைப் பொங்கலிலும் புளியோதரையிலும் ஒவ்வொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். முகம் மலர்ந்து, பாவாவைக் காட்டிச் சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்.

"பாத்தீங்களா? இவுங்க கைக்கு வந்ததுல இருந்து ஒரு கொறை உண்டா? முறை இப்படியே இருக்கட்டுங்க."

பாவா சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் குனிந்து கும்பிட்டார்.

அடிப்பிடித்த அண்டாக்களைச் சுரண்ட ஆள் வரவில்லை. நான்தான் சுரண்டினேன்.