அரைக்கட்டை ஏறிய சுருதி

மாம்பழக் காலம் வந்தால் நான் நோர்பரியிலிருந்து லண்டனின் மறுகோடி அப்டன் பார்க் வரை போய், கறுத்தக்கொழும்பான் பெட்டியொன்றை விலையே கேளாமல் தூக்கிக்கொண்டு வருவேன். அதே நான், கையால் செய்யும் சிந்தசைசருக்கு ஒரு கெபாசிட்டர் வாங்குவதென்றால் எங்கே மலிவு என்று மூன்று நாள் இணையத்தில் தேடுவேன். "கசவாரம் பிடிச்ச மனுசன்" என்று என் மனைவி சொல்வது இந்த இரண்டாவது ஆளைத்தான்.

சிந்தசைசர் என்றதும் கட்டைகள் வைத்த கீபோர்டை நினைக்க வேண்டாம். இது மாடுலர் வகை, வெறும் தட்டுகள்தான். ஒரு தட்டு ஒலியை எழுப்பும், இன்னொன்று அதை வடிக்கும். வயர்களால் இணைத்துவிட்டுக் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருக்கலாம். பகல் முழுக்கக் கவுன்சில் அலுவலகக் கணினிகளோடு மாரடிக்கும் எனக்கு, தோட்டத்து மூலைக் கொட்டிலில் ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டிருப்பது பெரிய சந்தோஷம்.

அப்படித்தான் மனைவிக்கு ஒரு சுருதிப்பெட்டி செய்யப் புறப்பட்டேன். அவள் சங்கீதத்தை முறையாகப் படித்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் வாணி விழாவில் வருடம் தவறாமல் பாடியவள். கழுத்தில் தைரொயிட் சத்திரசிகிச்சை நடந்த பிறகு ஒன்றரை வருடமாகச் சமையலறையில் முணுமுணுப்பதோடு சரி. குரல் திரும்பிவரும் என்று டொக்டர் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

விழா நெருங்கியபோது அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"ஒருக்கா வீட்டில பாடிப் பாக்கிறன். மேல் காந்தாரம் பிடிக்க ஏலுமெண்டால் விழாவில பாடுறன். இல்லாட்டி பாடசாலை ரீச்சரிட்டைச் சொல்லி வேற ஆளைப் போடச் சொல்லுறன். அதுக்குப் பிறகு இந்தக் கதை வேண்டாம்."

போனிலேயே சுருதி போடலாம். நான் விடுவேனா? என் பெட்டியின் நாதத்துக்கு முன்னால் போன் எம்மாத்திரம் என்று பெருமையடித்து அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

ஸ்ட்ரெதமில் ஒரு பப்பின் மாடியில் என்னைப் போன்ற சிந்தசைசர்ப் பைத்தியங்கள் மாதமொருமுறை கூடுவோம். அங்கே வரும் பஸ் ஓட்டுநர் பெண்ணொருத்தி என் சுருதிப்பெட்டி வரைபடத்தைப் பார்த்து ஒரேயொரு கெபாசிட்டரை விரலால் தட்டினாள். மற்ற எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடி, சுருதியைத் தீர்மானிக்கும் இதில் மட்டும் பிடிக்காதே, மலிவானது சூட்டில் மாறும் என்றாள். நல்லது ஒன்று மூன்று பவுண். என்னிடமோ மலிவானவை இருநூறு ஒரு பையில் சும்மா கிடந்தன. அதில் ஒன்றைப் போட்டுக் கொட்டிலில் ஒரு வாரம் ஓடவிட்டேன். இம்மியும் அசையவில்லை. காசைக் கரைக்க இவர்களுக்கு ஒரு சாட்டு என்று சிரித்துக்கொண்டேன். கொட்டிலில் ஹீட்டர் இல்லை என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பெட்டியை முன்னறைக்குக் கொண்டுவந்தேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு எந்நேரமும் குளிர்தான். ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டு, பெட்டியையும் இழுத்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முன்பு ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியவள், இப்போது கொஞ்சம் இறக்கி ஐந்து போதும் என்றாள். வைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடித் தொடங்கினாள்.

குரல் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அவளுடைய குரல். ஒரு மணித்தியாலம் போனது. கடைசிப் பாட்டில் மேல் காந்தாரத்துக்கு ஏறியபோது குரல் உடைந்தது. திரும்ப ஏறினாள், திரும்பவும் உடைந்தது. பாட்டுக் கொப்பியை மூடினாள்.

"சரியப்பா, நிப்பாட்டுங்கோ. என்ர குரல் போயிட்டுது."

அவள் சமையலறைக்குப் போனாள். பெட்டியை நிறுத்தப் போனபோது அதன் தகடு சுடுசோறு போட்ட கோப்பையைப் போலச் சுட்டது. போனில் சுருதியை அளந்து பார்த்தேன். ஐந்தரை காட்டியது. யன்னலைத் திறந்து பெட்டியைக் குளிர்காற்றில் வைத்தேன். கொஞ்சங் கொஞ்சமாக ஐந்தை நோக்கி இறங்கத் தொடங்கியது.

பெட்டியில் ஒலிக்கும் சட்ஜமும் பஞ்சமமும் ஒரே மூலத்திலிருந்து பிரித்தவை. அதனால் ஒன்றோடொன்று முட்டாமல் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. எனக்கும் காதில் படவில்லை. அவளுக்கோ சுருதி மாதா. அப்படிப் படித்தவர்கள் சுருதியைச் சந்தேகிக்க மாட்டார்கள், தங்களைத்தான் சந்தேகிப்பார்கள். தாயின் சேலையைப் பிடித்த பிள்ளையைப் போல அவளும் பின்னாலேயே ஏறிப் போயிருக்கிறாள்.

சமையலறைக்கு ஓடினேன். அவள் கையில் போன்.

"ரீச்சருக்கு மெசேஜ் அனுப்பிட்டீரோ?"

"எழுதிக்கொண்டிருக்கிறன். ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன், இருநூறு கெபாசிட்டர் பை உட்பட.

"மூண்டு பவுணுக்காகவோ? என்ர குரல் செத்துப்போச்செண்டு நினைச்சன் நான்! மாம்பழத்துக்குக் கொட்டிக் குடுக்கத் தெரியுதெல்லோ?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்து நான் வெட்கத்தில் குறுகிப் போனேன். எத்தனையோ மிச்சம் பிடித்திருக்கிறேன், இப்படியொரு கேவலமான மிச்சம் பிடித்ததில்லை. திட்டி முடித்தவள் திடீரென்று நின்றாள்.

"எவ்வளவு ஏறினது?"

"அரைக்கட்டை."

"அப்ப கடைசிப் பாட்டு... ஐஞ்சரையிலயோ பாடினனான்?"

"ஓம்."

எழுதியதை அழித்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

அன்றே நல்ல கெபாசிட்டருக்கு ஓடர் கொடுத்தேன். விரைவாக வரவேண்டுமென்று அதற்கும் மேலதிகக் காசு கட்டினேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஈயம் ஒட்டும் சூடு கொஞ்சம் கூடினால் உருகிவிடும் மெல்லிய சாமான் அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். பிறகு வேண்டுமென்றே பெட்டியை ஹீட்டரின் தலையில் இரண்டு மணித்தியாலம் ஏற்றி வைத்தேன். சுருதி வைத்த இடத்திலேயே நின்றது.

அடுத்த சனிக்கிழமையும் ஹீட்டர் முழுதாக எரிந்தது. நான் ஐந்தில் வைத்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐஞ்சரைக்கு ஏத்துங்கோ."

"உமக்குக் கஷ்டமில்லையோ?"

"போன கிழமை தெரியாமப் பாடினன். தெரிஞ்சு ஒருக்காப் பாடிப் பாக்கிறன்."

குமிழைத் திருகினேன். ஒரு மணித்தியாலம் பாடினாள். கடைசிப் பாட்டில் மேல் காந்தாரம் வந்தபோது நான் அவளைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இம்முறை சுருதி அசையவில்லை. குரல் ஏறியது, உடையவில்லை. வேண்டுமளவு அங்கேயே நின்றுவிட்டு ஆறுதலாக இறங்கினாள். பிறகு கண்ணைத் திறந்து, போனை எடுத்து, ரீச்சருக்கு எழுதினாள்: "நான் பாடுறன்."