காப்பித் தோல் போட்டு வளர்த்த காடு

நாகலூருக்கு மேலே மலையின் ஒரு பக்கத்தைக் கம்பெனிக்காரர்கள் அலுமினியம் எடுக்கிற பாக்சைட் கல்லுக்காக வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது குழியை மூடிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் புத்தி அவர்களுக்கு எங்கே இருந்தது? மேல்மண் முழுக்கப் போய், சுட்ட செங்கல் மாதிரிச் சிவந்த தரைதான் மிஞ்சியது. எழுபத்து நாலாம் வருஷத்து ஐப்பசி மழையில், அந்தக் குழியில் தேங்கிய தண்ணீரில் விழுந்து கண்ணாயியின் மகள் ராசம்மாள் செத்துப்போனாள். அவளுக்கு அப்போது ஆறு வயசு.

அகாலமாகச் செத்தவர்களை ஊர்ச் சுடுகாட்டில் சேர்க்கிற வழக்கம் அங்கே கிடையாது. "செத்த எடத்துலயே வெச்சிருங்க" என்று ஊர்க்கவுண்டர் மாதப்பன் சொல்லிவிட்டார். கண்ணாயியின் புருஷன் ஐயாக்கண்ணு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். ஊர் சொன்னால் தலையாட்டுவதற்கென்றே பிறந்த மனுஷன் அவன். குழியின் கரையில், ஒரு புல்கூட இல்லாத இடத்தில், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

பிள்ளை செத்ததைவிட, அது வெயிலில் கிடப்பதுதான் கண்ணாயியை அரித்தது. "ஒரு மரத்து நெழலாச்சும் வேணுமுங்க" என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எழுந்து போனான். அவளே ஒரு நாவல் கன்றைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தாள். கருகிப்போயிற்று. இன்னொன்று வைத்தாள். அதுவும் கருகிற்று. அந்தத் தரையில் வேர் இறங்க மண் என்று ஒன்று இருந்தால்தானே!

அவள் கூலிக்குப் போன எஸ்டேட்டில், காப்பிப் பழம் உரிக்கிற கொட்டகைக்குப் பின்னால் தோல் மலையாகக் குவிந்து அழுகிக் கிடக்கும். மூக்கைப் பிடிக்காமல் அந்தப் பக்கம் யாரும் போக முடியாது. அதை அவள் கூடை கூடையாகச் சுமந்துபோய்க் குழிக்கரையிலும் குழிக்குள்ளும் கொட்டினாள். வேலை முடிந்து, உடம்பு அசந்துபோன நேரத்தில், தினமும். தலையெல்லாம் புளித்த நாற்றம். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் விலகி நின்றார்கள். "பெத்த புள்ள மேல குப்ப கொட்டறா பாரு" என்று சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தோல் மக்கி மண்ணாயிற்று. மூன்றாவது நாவல் பிழைத்தது. அதற்குப் பிறகு அவளால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சோலையோரம் பொறுக்கிய விதையையெல்லாம் ஊன்றினாள். அத்தி, கடுக்காய், புங்கன் என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் குழிக்குள் இறங்கியது. அத்தி காய்த்ததும் பறவைகள் வந்தன. பறவைகள் எச்சமிட்டதில் அவள் வைக்காத மரங்களும் முளைத்தன. பதினேழு வருஷத்தில் அந்தக் குழி, உள்ளே போனால் வானம் தெரியாத காடாகிவிட்டது. கோடையில்கூட அதன் அடியில் ஈரம் கசிந்தது. சாயங்காலம் நாவல் அடியில் உட்கார்ந்து மகளோடு பேசிவிட்டு வருவாள். இந்த உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மரம் பருத்தால் ஊர்க் கண்ணும் சும்மா இருக்குமா? நிலம் புறம்போக்கு. வெட்டி விறகாக்கி ஊட்டுக்கு ஊடு பங்கு போடலாம் என்று முடிவாயிற்று. ஒரு நாள் காலை ஆண்கள் கோடாலியோடு வந்தார்கள். கண்ணாயி குறுக்கே நின்றாள், கெஞ்சினாள், கவுண்டர் காலில் விழுந்தாள்.

"ஏனுங்க, எம் புள்ள இருக்கற எடமுங்க."

"புள்ள செத்து எத்தன காலமாச்சு. தள்ளிப் போ அம்மிணி."

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். தலைமுடியை அவிழ்த்து விட்டாள். உடம்பை முறுக்கி ஆடினாள். "டேய், முனியப்பன் வந்திருக்கறன்டா! இது என்ற காடு. கோடாலி பட்டுதுன்னா கொலத்தையே அறுத்துருவன்!" என்று அலறினாள். அவள் மேல் எந்தச் சாமியும் வரவில்லை. வந்தது பயம் ஒன்றுதான். ஆனால் கோடாலிகள் கீழே விழுந்தன. கவுண்டரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி கண்ணாயி நிம்மதியாகத் தூங்கினாள், பைத்தியக்காரி.

அந்த வாரமே காட்டுக்குள் சாமிக்கல் நட்டார்கள், காட்டைச் சுற்றி எல்லைக்கல் போட்டார்கள், கிடா வெட்டினார்கள். பிறகு கவுண்டர் முறையைச் சொன்னார். முனியப்பன் காட்டுக்குள் பொம்பளை கால் வைக்கக்கூடாது. பொணமும் கிடக்கக்கூடாது, தீட்டு. தோண்டி எடுத்துவிட வேண்டும்.

கண்ணாயி கவுண்டர் முன்னால் போய் நின்றாள். "அங்கயே வெக்கச் சொன்னது நீங்கதானுங்களே!"

"அப்ப அது வெறும் குழி. இப்ப சாமி எடம். நானா சொன்னன்? உன்ற வாயில முனியப்பன்தான சொன்னாரு?"

அதற்கு அவள் என்ன சொல்வாள்? ஆடியது பொய் என்றால் அந்த நிமிஷமே கோடாலி இறங்கும். உண்மை என்றால் மண்வெட்டி இறங்கும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் நடந்தது.

தோண்டியது ஐயாக்கண்ணு. தகப்பன்தான் தோண்ட வேண்டுமாம். நாவலின் வேர்கள் பிள்ளையைச் சுற்றிப் பிடித்திருந்ததால் முதலில் மரத்தைச் சாய்த்தார்கள். சாமியிடம் உத்தரவு கேட்டார்களாம், பல்லி சொல்லியதாம். முனியப்பன் காட்டில் கோடாலி பட்ட ஒரே மரம் அதுதான். எல்லைக்கல்லுக்கு வெளியே நின்று கண்ணாயி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஐயாக்கண்ணு கிடைத்த எலும்பைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். "சாமி காரியம் புள்ள, அழுவாத" என்றான். பதினேழு வருஷத்தில் பிள்ளையைப் பற்றி அவன் பேசியது அந்த ஒரு தடவைதான்.

காடு இன்னும் செழிப்பாக இருக்கிறது. வனத்துறையிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, சாமி பேரைச் சொல்லிக் காட்டைக் காப்பாற்றிய ஊர் என்று கவுண்டருக்கு மாலை போட்டுவிட்டுப் போனார்கள்.

மலையின் மறுபக்கம் கம்பெனி விட்டுப்போன இன்னொரு குழி இருக்கிறது. துண்டு முடிச்சை அங்கேதான் கண்ணாயி புதைத்தாள். தினமும் போகிறாள், ஆனால் கூடை கொண்டுபோவதில்லை. பறவை போட்ட விதை எங்காவது இரண்டு இலை விட்டிருந்தால் குனிந்து வேரோடு பிடுங்கி எறிகிறாள். அந்த வழியாக விறகுக்குப் போன ஒருத்தி, "ஏனக்கா, அத்தன மரம் வெச்ச கையி, இதப் போயிப் புடுங்கறயே?" என்று கேட்டாள்.

"மரம் வந்தா ஆளு வரும், ஆளு வந்தா சாமி வரும்" என்றாள் கண்ணாயி. "என்ற புள்ள வெயில்லயே கெடக்கட்டும்."