மேசைக்கு ஒரு ஓட்டு

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பரோட்டா சாப்பிடுகிறேன். தொலைக்காட்சியில் அமெரிக்கக் கட்சிக்காரர்கள், தொகுதி எல்லையை மாற்றி ஜெயிக்கப் பார்ப்பதாக ஒருவரையொருவர் திட்டுகிறார்கள். கடைக்காரர் மணியம் லயித்துப் பார்க்கிறார். அவர் மனைவி செல்விக்கோ தமிழ்ப்பட நகைச்சுவை வேண்டும்.

"மேசைக்கு ஒரு ஓட்டு லா," என்கிறார் மணியம். இருப்பவை மூன்று மேசைகள். நகைச்சுவை கேட்கும் நாங்கள் எல்லோரும் ஒரே மேசையில் நெருக்கியடித்திருக்கிறோம். மற்ற இரண்டும் செய்தி பக்கம். அவற்றில் ஒன்றில் ஒரே ஓர் ஆள்தான்.

செல்வி சட்டென்று என் தட்டையும் பக்கத்தில் இருப்பவர் தட்டையும் தூக்குகிறார். "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் அந்த ஒத்த ஆள் மேசையில போய் உட்காருங்க!"

ஓடிப்போய் உட்காருகிறோம். இரண்டுக்கு ஒன்று, அந்த மேசை எங்கள் வசம்.

"ஏய், சீட்டிங் லா இது!" என்று கத்துகிறார் மணியம்.

"காலையிலேருந்து நீங்க டிவில பாத்ததைத்தானே செஞ்சேன்?"

கடையே சிரிக்கிறது. மணியம் உள்ளே ஓடி, நான்காவதாக ஒரு மேசையை இழுத்துவந்து, தனியாக உட்கார்ந்து கையைத் தூக்குகிறார்.