ஈரம் காயும்வரை சுவிட்சைத் தொடாதவர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கம்ப்யூட்டர், யூ.பி.எஸ் சர்வீஸ் செய்தே வயதானவன் நான். நனைந்த மெஷின்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் ஜெசிந்தாவின் மெஷினைப் பற்றித்தான் சொல்வேன்.

ஜெசிந்தா கேஸ்கட் வெட்டிக் கொடுப்பவர். பைப் ஜாயின்ட்டில் கசிவு வராமல் இருக்க நடுவில் வைக்கும் வளையம்தான் கேஸ்கட். அவருடைய பெற்றோர் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் ஒரு பெரிய கம்பெனியில் ஆபரேட்டராக இருந்து தொழில் கற்று, கடன் வாங்கி, தனியாக ஒரு ஷெட்டில் கம்ப்யூட்டரில் ஓடும் கட்டிங் மெஷின் ஒன்றைப் போட்டார். அங்கே வேலை செய்த அத்தனை பேருக்கும் சோறு போட்டது அந்த ஒரே மெஷின்.

ஒரு புயல் மழையன்று யூ.பி.எஸ் பேட்டரி மாற்ற அங்கே போயிருந்தேன். மத்தியானம் சாலைத் தண்ணீர் ஷட்டருக்கு அடியில் புகுந்து ஷெட்டுக்குள் வந்துவிட்டது. ஜெசிந்தா உடனே மெயினை ஆஃப் செய்தார். மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் இருந்த கம்ப்யூட்டரைத் தூக்க ஆபரேட்டர் முரளி ஓடினார். ஜெசிந்தா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கடா போற?"

"கம்ப்யூட்டர் முழுகிடும்க்கா. டிராயிங் எல்லாம் அதுலதான் கீது. மெயினதான் ஆஃப் பண்ட்டியே."

"யூ.பி.எஸ் ஓடிக்கினு கீது பாரு. ஒயரு தண்ணிக்குள்ள கீது. டிராயிங் போனா திரும்பப் போட்டுக்கலாம். நீ போய்ட்டா உன் ஊட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

யூ.பி.எஸ் மேடான ஆபீஸ் ரூமில் இருந்தது. நான் பின்வாசல் வழியாகப் போய் அதை நிறுத்தி, பேட்டரி பிரேக்கரையும் இறக்கிவிட்டுக் குரல் கொடுத்தேன். அதன் பிறகுதான் ஜெசிந்தா முரளியை விட்டார். கம்ப்யூட்டர் தப்பியது. ஆனால் மெஷினின் கண்ட்ரோல் பேனலை நகர்த்த முடியாது. அதன் அடிப்பாகம் நனைந்துவிட்டது.

மறுநாள் தண்ணீர் வடிந்து கரண்டும் வந்தது; நானும் மறுபடி போயிருந்தேன். ஜெசிந்தாவுக்குக் கஸ்டமர் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் போன் செய்தார்.

"நாளைக்கு மெட்டீரியல் வேணும்மா. இல்லன்னா வேற ஆளப் பார்த்துக்குறேன்."

யோசித்துச் சொல்வதாக ஜெசிந்தா போனை வைத்தார். பக்கத்து ஷெட்டில் இதே தொழில் செய்யும் பாஸ்கர் எட்டிப் பார்த்தார்; அவர் மெஷினும் நனைந்திருந்தது. "மேல காஞ்சிதான் கீது. நான் ஆன் பண்ணப் போறேன். நீயும் பண்ணு, எதுக்குப் பேஜாரு?"

ஜெசிந்தா என்னைக் கேட்டார். "சார், நீங்க இன்னா சொல்றீங்க?"

"கார்டுக்கு அடியில சேறு கீதும்மா. கழட்டித் துடைச்சுக் காய வெக்கணும். நாளைக்கு முடியாது."

வங்கித் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். ஜெசிந்தா போனை எடுத்தார். "சார், நாளைக்கு முடியாது. பாதி ஆர்டர வெளில குடுத்துக்குங்க. மீதிய மெஷின் காஞ்சதும் சுத்தமா வெட்டித் தரேன்." எதிர்முனையில் சத்தம் போட்டார்கள். இவர் குரலை உயர்த்தவில்லை.

பேனலுக்குள் இருந்த எலக்ட்ரானிக் கார்டுகளைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் சேற்றை எடுத்தோம். ஜெசிந்தாவும் தரையில் உட்கார்ந்து துடைத்தார். மோட்டார் ஒயர்களைத் தனியாகப் பிரித்து, மெகர் மீட்டர் வைத்து ஈரம் போய்விட்டதா என்று பார்த்தேன். ரீடிங் சரியில்லை. மறுநாளும் சரியில்லை. "போதும், போட்டுப் பார்ப்போம்" என்று ஜெசிந்தா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்குள் பாஸ்கரின் ஷெட்டில் வெடிச்சத்தம் கேட்டது. அவர் மெஷினில் மோட்டாரை ஓட்டும் டிரைவ் கார்டு கருகிப்போயிருந்தது.

ரீடிங் சரியான பிறகு ஆன் செய்தோம். மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வெளியே போன பாதி ஆர்டர் கடைசிவரை திரும்பி வரவில்லை. மீதியை மட்டும் வெட்டி அனுப்பினார்.

புதுக் கார்டு வெளியூரிலிருந்து வரவேண்டும் என்பதால் பாஸ்கருக்கு வேலை நின்றுபோனது. ஜெசிந்தாவின் வாசல் வரை வந்தவர் உதவி கேட்கத் தயங்கினார்.

"உன் டிராயிங்க பென்டிரைவ்ல எடுத்துக்கினு வாண்ணா," என்றார் ஜெசிந்தா. "நம்ம வேல முடிஞ்சதும் சாயங்காலம் இங்கயே வெட்டிக்க."



தண்ணீர் வந்தால் முதலில் ஆளை வெளியே நிறுத்த வேண்டும், கரண்ட் வரும் எல்லா வழியையும் துண்டிக்க வேண்டும், காயும்வரை பொறுக்க வேண்டும். சர்வீஸ்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கஸ்டமர் போனில் கத்திக்கொண்டிருக்கும்போதும் பொறுத்தவராக நான் பார்த்தது ஜெசிந்தா ஒருவரைத்தான்.