கரைந்துபோன பருப்பு உருண்டை

மருமகள் மிக்ஸியில் துவரம்பருப்பும் சோம்பும் அரைக்கிறாள். இரண்டு நிமிஷ வேலை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வலது தோள்பட்டை வலிக்கிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்த காலம். திருத்தணியில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். கல்யாணமாகி எட்டு மாதம். ஒருநாள் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "சமையல்ல என்ன பெரிய வித்த கீது? அடுப்பு எரியுது, அது பாட்டுக்கு வேவுது" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி சரோஜா மறுநாள் காலை பஸ் ஏறிப் பள்ளிப்பட்டில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்ஸெல்லாம் அடுப்புக்கரியில் ஓடிய நாட்கள். அவள் போன புகை அடங்கவே வெகுநேரமாயிற்று.

பத்து நாள் ஓட்டல் சாப்பாடு. வரவே மாட்டாளோ என்று பயம் பிடித்தபோது ஒரு கார்டு வந்தது: 'ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு நைனா, அம்மா, நான் வருகிறோம். பருப்பு உருண்டைக் குழம்பு நீங்களே வைக்கவும். நான் தங்குவதா திரும்புவதா என்று அப்புறம் பார்க்கலாம்.'

உருளைக்கிழங்கு வறுவலும் சேமியா பாயசமும் எப்படியோ ஒப்பேறிவிட்டன. ஆட்டுக்கல்தான் சுற்றமாட்டேன் என்றது. தண்ணீர் விட்டேன், சுற்றியது. இன்னும் விட்டேன். பருப்பு இட்லி மாவாகிவிட்டது. பக்கத்து வீட்டு லாரி மெக்கானிக் பாய் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "லூசா கீதே வாத்தியாரே, டைட்டா புடிங்க" என்றார். நாற்பது உருண்டை பிடித்துக் கொதிக்கிற குழம்பில் போட்டேன். அடிபிடிக்குமோ என்று கரண்டியால் நன்றாகத் துழாவியும் விட்டேன். சமைக்கத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளலாம்.

மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பரிமாறினேன்.

"கொழம்பு எங்க மாப்ள?" என்றார் மாமனார்.

"இதாங்க நைனா."

"உருண்டை?"

"உள்ளதாங்க கீது."

அவர் விரலால் துழாவித் தேடினார். சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

மாமனார் பிசைந்து ஒரு வாய் போட்டார். நெய் கேட்டார். மறுசோறு கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்குப் பல்லு போயி ஆறு வருசமாச்சு. ஒம் மாமியா இன்னும் கல்லாட்டம் உருண்டை போட்டுகினு கீறா. இன்னிக்கிதான் வயிறாரச் சாப்டேன்."

மாமியார் இலையை மடித்தார். "இனிமே ஒங்களுக்கு நா ஆக்கல."

பாத்திரம் தேய்க்கும்போது சரோஜாவிடம், "அன்னிக்கித் தெரியாம சொல்லிட்டேன்" என்றேன். "ஆங்" என்றாள். பிறகு, "தோளு நோவுதா?" என்று கேட்டுத் தைலம் எடுத்துவந்தாள்.

அவள் தங்கிவிட்டாள். மாமியாரும் தங்கிவிட்டார், முழுசாக ஒரு மாதம். கடைசியில் நைனாவே வந்து, "பல்லு கெடக்குது, நீ வாம்மே" என்று கெஞ்சித்தான் அழைத்துப்போனார்.

அவர்கள் இருவரும் எப்போதோ போய்ச்சேர்ந்தார்கள். சரோஜா போய் நாலு வருஷம். போன கிருத்திகைக்குத் திருத்தணி போயிருந்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ். அடுப்படி இருந்த மூலையில் மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ரூமுங்களா? எத்தினி பேரு?"

"ஒருத்தன்தான்" என்றேன்.